ஏற்காட்டில் பனி கொட்டினால் எங்கே குவியும்? காற்று அள்ளிப்போகும் பனியைக் கணினியில் கணக்கிடப் பழகுவோருக்கு

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்தில் பனி என்றால் பல பொருள். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது பனி. ஏற்காட்டு மலைப்பாதையில் பட்டப்பகலில் வண்டி விளக்கைப் போட வைப்பது மூடுபனி. ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியை வெளுக்க வைப்பது உறைபனி. இந்தக் கட்டுரையில் நான் பனி என்று எழுதுவது இவற்றில் எதுவும் இல்லை. மணாலிக்கு மேலேயும் லடாக்கிலும் ஆல்ப்ஸ் மலைகளிலும் வானத்திலிருந்து விழுந்து, தரையில் கிடந்து, காற்றடித்தால் எழுந்து இடம் மாறும் வெண்பனி. அது எங்கிருந்து கிளம்பி எங்கே போய் இறங்கும் என்பதுதான் கணக்கு.

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பனிமலையில் காவல் நிற்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல் முனையில் பனி சரிந்து இறந்த 10 பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தச் சரிவுக்குக் காரணம் காற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் பனிச்சரிவுகளுக்கான காரணங்களில் முக்கியமான ஒன்று, காற்று ஒரு பக்கச் சரிவிலிருந்து அள்ளி மறுபக்கச் சரிவில் ஏற்றிவிடும் பாரம். கோடையில் எந்த ஓடையில் எவ்வளவு நாள் தண்ணீர் ஓடும், எந்தச் சாலை மூடிக்கொள்ளும் என்பதும் இதில்தான் இருக்கிறது.

இமயமலையில் தொடங்காதீர்கள். சேர்வராயன் மலையில் தொடங்குங்கள். அங்கே பனி விழாது, தெரியும். ஆனால் காற்று இருக்கிறது, முகடு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் நடந்து பார்த்த இடம் அது. தெரியாத மலையில் கணினி எந்தப் பொய்யைச் சொன்னாலும் நம்பிவிடுவோம். தெரிந்த மலையில் அது பொய் சொன்னால் உடனே கண்ணில் படும்.

சேகோ களத்தில் தெரிவது

இயற்பியலை நான் கற்றது ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு சேகோ மில் களத்தில். பெரியப்பா அங்கே வேலை பார்த்தார். மரவள்ளி மாவைச் சிமெண்டுக் களத்தில் வெயிலில் பரப்பியிருப்பார்கள். ஈரமாக இருக்கும்வரை எவ்வளவு காற்றடித்தாலும் அசையாது. காய ஆரம்பித்ததும் கதை மாறும். சற்றே கனமான உருண்டைகள் தரையிலேயே உருளும். சிறு துகள்கள் குதிக்கும்: எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து விழுந்து, விழுந்த இடத்தில் இன்னும் நாலைக் கிளப்பிவிடும். மிக நுண்ணிய தூள் மேலே ஏறி, பக்கத்து வீட்டு ஓட்டில் போய்ப் படியும்.

பனிக்கும் இதே மூன்று வழிகள்தான். உருளல், துள்ளல், மிதவை. துள்ளல் தரையிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்குள் நடக்கும். மிதவை பல பத்து மீட்டர் உயரம்வரை போகும். முகட்டிலிருந்து புகை எழுவதுபோலப் படங்களில் தெரிவது அதுதான். இந்தத் துள்ளல் கணக்கை முதலில் முறையாகப் போட்டது பனிக்கு இல்லை, பாலைவன மணலுக்கு: பேக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர், 1941-இல்.

களத்தில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். மாவு குவிவது காற்று பலமாக அடிக்கும் இடத்தில் இல்லை, சுற்றுச்சுவருக்குப் பின்னால். காற்று தளரும் இடத்தில்தான் சுமையை இறக்கி வைக்கிறது. வேகமாகவே அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வந்தது வந்தபடி போய்விடும், எதுவும் மாறாது. ஆகவே நாம் தேட வேண்டியது காற்றின் வேகத்தை அல்ல, ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் அந்த வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை. கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான்.

மலையைக் கணினிக்குள் கொண்டுவருதல்

தேவையானவை: ஓரளவு நல்ல மடிக்கணினி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், பைத்தான் என்ற நிரல் மொழி. பைத்தான் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரிசை வரிசையாக எண்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்தால் போதும்.

மலையின் வடிவம் உயரக் கோப்பாகக் கிடைக்கும். தரையைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதிவைத்த அட்டவணை அது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடாரில் அளந்த எஸ்.ஆர்.டி.எம். கோப்பு 30 மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் இஸ்ரோவின் கார்ட்டோசாட் உயரக் கோப்பை புவன் தளத்தில் எடுக்கலாம். ஏற்காட்டைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 4.4 லட்சம் கட்டங்கள் வரும். கணினிக்கு இது கொசு.

இங்கேதான் பலர் முதல் அடியில் விழுவார்கள், நானும் விழுந்தேன். இறக்கிய கோப்பில் கிழக்கு மேற்கு தூரம் டிகிரியில் இருக்கும், உயரம் மீட்டரில் இருக்கும். அப்படியே சரிவைக் கணக்கிட்டால் ஏரிக்கரைகூடச் செங்குத்துப் பாறையாக வரும். கோப்பை, பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தூரத்தை மீட்டரில் சொல்லும் யு.டி.எம். முறைக்கு மாற்ற வேண்டும். ஏற்காட்டுக்கு 44 வடக்கு மண்டலம்; கியூஜிஐஎஸில் தேர்ந்தெடுக்க வேண்டிய எண் 32644. கவனம்: மண்டல எல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் போகிறது. மேட்டூரும் எடப்பாடியும் 43-இல், ஏற்காடு 44-இல். பின்னால் மணாலிக்குப் போகும்போது 43, அதாவது 32643.

மாற்றியபின் மிக உயர்ந்த கட்டம் எது என்று பாருங்கள். சேர்வராயன் கோயில் இருக்கும் மொட்டை மேடு 1,620 மீட்டரை ஒட்டி வர வேண்டும். சேலம் நகரம் 280 மீட்டர் அளவில் இருக்கும். இரண்டும் சரியாக வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. ரேடார் பார்த்தது தரையை மட்டும் அல்ல. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் உயரத்தில் ஒரு பங்கும் உயரக் கோப்பில் கலந்திருக்கும். ஏற்காட்டில் தோட்ட ஓரங்களில் திடீர்ப் படிக்கட்டுபோலத் தெரிந்தால் அது பாறை இல்லை, மரம்.

காற்று: திசையில் ஏமாறாதீர்கள்

காற்றுக்கு ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் திட்டம் தரும் ஈ.ஆர்.ஏ.5 தரவு போதும். 1940 முதல் மணிக்கு ஒருமுறை, உலகம் முழுவதற்கும், இலவசம். அதன் கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். அதாவது சேர்வராயன் மலை மொத்தமும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவு. அந்தத் தரவுக்கு ஏற்காடு என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. மேலே பொதுவாக என்ன காற்று வீசியது என்பதை மட்டும் அதனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மலை அதை எப்படி வளைத்தது என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

தரவில் காற்று இரண்டு கூறுகளாக வரும்: கிழக்கு நோக்கி எவ்வளவு, வடக்கு நோக்கி எவ்வளவு. வானிலைக்காரர்கள் திசை சொல்வதோ காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரைபடம் முழுவதும் தலைகீழ். தமிழருக்கு இதில் தடுமாற்றமே வரக்கூடாது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. வரும் திசைக்குத்தான் பெயர் வைத்திருக்கிறோம். இவ்வளவு தெரிந்தும் நான் மாற்றிப் போட்டேன். மேற்குக் காற்றுக்கு ஓட்டிய முதல் வரைபடத்தில் லேடீஸ் சீட் விளிம்பில் இரண்டு மீட்டர் குவியல் காட்டியது. தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் அந்தப் பாறையில் ஆடி மாதம் நின்றவருக்குத் தெரியும், அங்கே தலைத்துண்டுகூட நிற்காது. பனி எங்கே நிற்கும்? இமயமலையில் இதே தவறைச் செய்திருந்தால் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

இன்னொரு கண்ணி, சராசரி. 350 டிகிரியையும் 10 டிகிரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், வாடை தென்றலாகிவிடும். கூறுகளைத் தனித்தனியே சராசரி எடுங்கள். வேகத்துக்கு நாள் சராசரி எடுக்கவே வேண்டாம். ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

இனி மலையைச் சேர்ப்பது. லிஸ்டன், எல்டர் இருவரும் 2006-இல் வெளியிட்ட மைக்ரோமெட் முறை புதியவர்களுக்கு ஏற்றது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்கள். முதலாவது, அந்தச் சரிவு காற்றுக்கு முகம் காட்டுகிறதா முதுகு காட்டுகிறதா. இரண்டாவது, அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட மேடா பள்ளமா. இரண்டையும் −0.5 முதல் +0.5 வரை அடக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக்கி, 1 உடன் கூட்டினால் ஒரு பெருக்கெண் கிடைக்கும். அது 0.5-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்கும். பொதுக் காற்றை அதனால் பெருக்குங்கள். முகட்டில் வேகம் கூடும், மறைவில் குறையும். அவ்வளவுதான் முறை.

மேடு பள்ளம் பார்க்கும்போது எவ்வளவு தூரம் தள்ளிப் பார்ப்பது என்பதை நீங்கள்தான் தர வேண்டும். முகட்டிலிருந்து அடுத்த பள்ளத்துக்கு உள்ள தூரம் பொருத்தமான அளவு. ஏற்காட்டுக்கு 500 மீட்டரில் தொடங்கிப் பாருங்கள்.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. செங்குத்துப் பாறைக்குப் பின்னால் காற்று பிய்ந்து சுழன்று திரும்பி அடிப்பது அதற்குத் தெரியாது. அது வேண்டுமானால் அமெரிக்க வனத்துறையின் மிசௌலா ஆய்வகம் காட்டுத்தீக்காகச் செய்த விண்ட்நிஞ்சா மென்பொருள் இருக்கிறது, இலவசம். ஆனால் முதல் மாதமே அதற்குள் போக வேண்டாம் என்பேன். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காதவருக்கு அது வெறும் வண்ணப் படம்தான்.

கணக்கு ஓடியதும் ஒரு ஆடி ஞாயிற்றுக்கிழமை, கையடக்கக் காற்றுமானி இருந்தால் அதோடு, இல்லாவிட்டால் குச்சியில் கட்டிய ரிப்பனோடு மலையேறுங்கள். சேர்வராயன் கோயில் மேடு, லேடீஸ் சீட், கிழக்கு ஓரத்தில் பகோடா பாயிண்ட், ஏரிக்கரை. எது பலம், எது மந்தம் என்ற வரிசை உங்கள் வரைபடத்தோடு பொருந்தினால் போதும். எண் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மரங்களுக்கு நடுவில் அளக்கும்போது பொருந்தாது.

எவ்வளவு வேகத்தில் கிளம்பும்?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி இருக்கட்டும், பனி எந்த வேகத்தில் பறக்கத் தொடங்கும்? லீ, பொமரோய் இருவரும் கனடாவின் சமவெளி நிலையங்களின் பதிவுகளை வைத்து 1997-இல் வெளியிட்ட விடை: தரைக்கு 10 மீட்டர் உயரத்தில் அளந்தால், உலர்ந்த பனிக்குச் சராசரி விநாடிக்கு 7.7 மீட்டர், ஈரப் பனிக்கு 9.9 மீட்டர். பனி கிளம்பத் தொடங்கும் இந்த வேகத்தை வாசல் என்போம். குளிர் கூடக் கூட வாசல் இறங்கும். அவர்கள் சூத்திரப்படி 0 டிகிரியில் 9.4, −10 டிகிரியில் 8, −25 டிகிரியில் 7. புதியவர்கள் 8 என்று வைத்துக்கொண்டு போகலாம்.

கையில் 2 மீட்டர் உயரத்தில் அளந்த எண் இருந்தால், திறந்த பனிப்பரப்பில் அதை 1.2-ஆல் பெருக்கினால் 10 மீட்டர் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

வேகத்தைவிடப் பனியின் பழங்கதை முக்கியம். ஒருமுறை வெயிலில் இளகி மறுபடி உறைந்தால் மேலே ஓடு கட்டிவிடும். களத்தில் மழைத்தூறல் பட்ட மாவு அப்பளமாவதுபோல. அப்புறம் எந்தக் காற்றும் கிளப்பாது. உங்கள் மாதிரியில், அதாவது இந்தக் கணக்கைப் போடும் நிரலில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கொடி வையுங்கள்: வெப்பநிலை 0 டிகிரியைத் தாண்டினால் கொடி இறங்கும், புதுப்பனி விழுந்தால் ஏறும். கொடி இறங்கிய கட்டத்திலிருந்து எதுவும் கிளம்பக்கூடாது.

அள்ளுவதும் இறக்குவதும்

வாசலைத் தாண்டியபின் எவ்வளவு அள்ளும்? டேப்ளர் என்ற அமெரிக்கர் நெடுஞ்சாலைகளில் பனித் தடுப்பு வேலிகள் போடுவதற்காகப் பல ஆண்டுகள் அளந்து தந்த சூத்திரம் எளிமையானது. 10 மீட்டர் உயரக் காற்றின் வேகத்தை 3.8 அடுக்குக்கு உயர்த்தி 2,33,847-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் அகலத்தைக் கடந்து விநாடிக்கு எத்தனை கிலோ பனி போகிறது என்று வரும். விநாடிக்கு 10 மீட்டர் காற்றுக்கு 0.027 கிலோ. 15-க்கு 0.126. 20-க்கு 0.376. வேகம் இரட்டிப்பானால் சுமை 14 மடங்கு.

சராசரி வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஒரு நாளில் 4 மணி நேரம் 20 மீட்டர் காற்று, மீதி 20 மணி நேரம் 2 மீட்டர் என்று வையுங்கள். சராசரி 5. அதைச் சூத்திரத்தில் போட்டால் வாசலைக்கூட எட்டாது, பனி நகரவில்லை என்று கணினி சொல்லும். உண்மையில் அந்த 4 மணி நேரத்தில் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் 5 டன்னுக்கு மேல் கடந்து போயிருக்கும்.

இப்போது களத்துச் சுவர்க் கணக்கு. முகட்டுக் கட்டத்தில் காற்று 15, அதன் மறைவில் உள்ள அடுத்த கட்டத்தில் 9. உள்ளே வருவது 0.126, வெளியே போவது 0.018. மீதி 0.108 கிலோ அந்த 30 மீட்டருக்குள் இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 13 கிலோ. காற்று நொறுக்கி அடைத்த பனியின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 300 கிலோ என்று எடுத்தால் மணிக்கு 4 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு முழு இரவு, 10 மணி நேரம் அடித்தால் 40 சென்டிமீட்டர் தாண்டும், வானத்திலிருந்து ஒரு துளி விழாமலேயே. வானம் தெளிவாக இருந்த இரவுக்கு மறுநாள் சரிவு ஆபத்தாகிவிடுவது இப்படித்தான்.

இந்தச் சூத்திரம் பரந்த திறந்தவெளியில், காற்று தன் முழுச் சுமையையும் ஏற்றிக்கொள்ளப் போதுமான ஓட்டம் கிடைத்தபின் பொருந்துவது. குறுகிய முகட்டில் அது மிகைப்படுத்தும். ஆகவே எண்ணை நம்பாதீர்கள். எங்கே கூடுகிறது எங்கே குறைகிறது என்ற வடிவத்தைப் பாருங்கள்.

பைத்தானில் எழுதும்போது: எல்லாக் கட்டத்திலும் அரை மீட்டர் பனி கிடப்பதாகக் கற்பனையாகத் தொடங்குங்கள். மணிக்கு மணி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்ததில் போனதைக் கழித்து இருப்பில் சேருங்கள். இருப்பில் இல்லாததை எடுக்க விடாதீர்கள்; என் முதல் ஓட்டத்தில் கோயில் மேட்டில் −3 மீட்டர் பனி இருந்தது. கடைக்கணக்கு மாதிரி ஒவ்வொரு மணியும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். எல்லையைத் தாண்டிப் போனதைத் தவிர வேறு எதுவும் குறையக்கூடாது, கூடவும் கூடாது. என் மொத்தம் ஒரு கிலோகூடக் குறையாமல் இருந்ததைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். அதுதான் பிழை. வரிசையை ஒரு கட்டம் நகர்த்த நான் பயன்படுத்திய கட்டளை, கிழக்கு ஓரத்தில் வெளியேறியதை மேற்கு ஓரத்தில் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. ஓரங்களில் நாலைந்து கட்டத்தை எப்போதும் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

பறக்கும்போதே ஆவியாகும் பனியும் உண்டு, உலர்ந்த காற்றில் அது கணிசம். முதல் மாதிரியில் விட்டுவிடலாம்.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழி

இவ்வளவும் வேண்டாம், குவியும் இடம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால், வின்ஸ்ட்ரலும் அவர் கூட்டாளிகளும் 2002-இல் தந்த எஸ்.எக்ஸ். என்ற எண் இருக்கிறது. ஒரு கட்டத்தில் நின்று காற்று வரும் பக்கம் திரும்பிப் பாருங்கள். குறிப்பிட்ட தூரத்துக்குள் எந்த மேடு உங்கள் கண்ணுக்கு மிக உயர்ந்த கோணத்தில் தெரிகிறதோ அந்தக் கோணம்தான் எஸ்.எக்ஸ். நேர்க்குறி என்றால் மறைவு, பனி தங்கும். எதிர்க்குறி என்றால் திறந்த இடம், துடைத்துப் போகும். ஒரே திசையில் பார்க்காமல் 30 டிகிரி விரிவில் 5 டிகிரிக்கு ஒன்றாகப் பார்த்துச் சராசரி எடுங்கள். 30 மீட்டர் கோப்பில் 100 மீட்டர் தூரம் என்றால் மூன்றே கட்டம்; 300 மீட்டர் வைத்தால் கொஞ்சம் உருப்படியாக வரும். உண்மையைச் சொன்னால், இந்த இருபது வரி நிரல் என் பெரிய மாதிரியைவிடப் பல நேரம் நன்றாகச் சொல்கிறது. இதை முதலில் எழுதுங்கள்.

நிஜப் பனிக்குப் போகும்போது

ஏற்காட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியபின் மணாலிக்கு மேலே இருக்கும் ரோத்தாங் கணவாய்ப் பக்கம் போகலாம். கணவாய் 3,978 மீட்டர்; மரம் இல்லாத உயரம் என்பதால் சில்வர் ஓக் தொல்லை இல்லை. மாதிரியை அக்டோபர் முதல் ஏப்ரல்வரை ஓட்டுங்கள். சரிபார்க்க ஆள் போக வேண்டியதில்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், 5 நாளுக்கு ஒருமுறை, இலவசம். மே கடைசி, ஜூன் தொடக்கத்துப் படங்களைப் பாருங்கள். பருவமழை மேகம் வருவதற்கு முன். ஊரெல்லாம் உருகியபின்னும் திட்டுத் திட்டாக வெள்ளை மிஞ்சும் இடங்களில் பெரும்பாலானவை காற்று குவித்த இடங்கள். வடக்குச் சரிவுகளிலும் வெயில் படாததால் பனி மிஞ்சும். அதனால் ஒரே திசை பார்த்த சரிவுகளை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரையும் பனியில் நடக்க அனுப்பாதீர்கள். 30 முதல் 45 டிகிரி சரிவில் பனி நிற்குமா சரியுமா என்பது அடுக்குகளின் கதை, நம் மாதிரியில் அடுக்கே கிடையாது. அதற்கு சண்டிகரில் இருக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கைகள் இருக்கின்றன.

என் ரோத்தாங் ஓட்டத்தில் மாதிரி காட்டிய திட்டு ஒன்று ஜூன் படத்தில் இல்லை. அதே அளவுத் திட்டு 200 மீட்டர் கிழக்கே கிடந்தது. மூன்று வாரம் சூத்திரத்தை நோண்டினேன். கடைசியில் பார்த்தால் முகட்டுக்குப் பின்னால் உடனே இறக்கிவிடுமாறு எழுதியிருந்தேன். மிதவையில் போகும் தூளுக்குத் தரைக்கு வர நேரம் வேண்டும் என்பதை மறந்திருந்தேன். மாவு சுவரடியில் மட்டுமா விழுந்தது, பக்கத்து வீட்டு ஓட்டிலும்தானே படிந்தது. இறக்குவதை ஏழு கட்டங்களுக்குப் பரப்பி மறுபடி ஓட்டினேன். திட்டு நகர்ந்தது, முழுவதும் இல்லாவிட்டாலும் பாதி தூரம். மீதிப் பாதிக்கு விண்ட்நிஞ்சாவை இறக்கி வைத்திருக்கிறேன்.